அக்காவைப் பள்ளத்தில் நிறுத்திய நாள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு சீனி வருத்தத்தில் தொடங்கி முட்டுவலியில் போய் முடிகிறது. போன மாதம் அந்தக் கல்யாண வீட்டிலும் அதுதானே நடந்தது? "நிமிர்ந்து நிற்க முடியவில்லை" என்று உங்களில் ஒருத்தி சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறாய் என்று எல்லோரும் கோபித்துக்கொண்டீர்கள். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். சிரித்தது உங்களைப் பார்த்து இல்லை. என் அக்காவை ஒரு பகல் முழுக்க நிமிர விடாமல் வைத்திருந்த எங்கள் அப்பாவை நினைத்துத்தான்.

எனக்குப் பத்து வயது இருக்கும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தோம். அப்பா ஸ்டோரில் காவல் வேலை. தேயிலை அரைக்கும் பெக்டரியைத்தான் நாம் ஸ்டோர் என்போமே, அங்கே. அம்மா கொழுந்து எடுத்தாள். அக்கா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்களே, அந்த இடம். அக்காவின் இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று பிள்ளைகள் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். அவள் அவ்வளவு வளத்தி. எங்கள் லயத்தில் ஆம்பிளைகளையும் சேர்த்துப் பார்த்தாலும் அவள்தான் உசரம். வீட்டு வாசல் நிலையில் தலை இடிக்காமல் அவள் உள்ளே வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அந்த உசரத்தைப் பார்த்துத்தான் திரும்பிப் போனார்கள். முதலில் வந்தவர்கள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா தேத்தண்ணித் தட்டோடு குனிந்து உள்ளே வந்தாள், பிறகு நிமிர்ந்தாள். வந்தவர்களின் கண்ணும் அவளோடு சேர்ந்து மேலே மேலே போயிற்று. "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அடுத்து வந்த கூட்டத்தில் ஒரு கிழவி, மாப்பிள்ளையையும் அக்காவையும் முதுகோடு முதுகு சேர்த்து நிற்க வைத்து அளந்தே பார்த்துவிட்டாள். மூன்றாவதாக வந்தவர்கள் தேத்தண்ணியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. லயத்துச் சுவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கூரை வரைக்கும் எட்டாத சுவர். எங்கள் வீட்டில் விட்ட பெருமூச்சு நாலு வீடு தள்ளிக் கேட்கும். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும் பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

"எனக்குக் காம்பராப் புள்ளைங்க போதும். கல்யாணமே வேணாம்" என்று அக்கா சொல்வாள். பொய். பீலியில் குளிக்கும்போது தண்ணீர் விழும் சத்தத்தில் அவள் அழுததை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அவளுக்கு ஒரு வீடு வேண்டும், ஒரு மனிதர் வேண்டும், இடுப்பில் தூக்கித் திரிய சொந்தமாய் ஒரு பிள்ளை வேண்டும். அதை வாய்விட்டுக் கேட்கும் குணம்தான் அவளுக்கு இல்லை.

நாலாவதாக ஒரு சம்பந்தம் வந்தது. எஹலியகொடைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த எங்கள் பெரியம்மா, அம்மாவின் அக்காதான் பேசிக் கொண்டுவந்தாள். இந்த முறை அப்பா ஒரு திட்டத்தோடு இருந்தார்.

தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய பிறகு மண்ணுக்கு டொலமைட் போடுவார்கள் அல்லவா, அந்த வெள்ளைத் தூள் ஏற்றிவர அப்பா ஒருமுறை தோட்டத்து லொறியில் கொடகவெலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். அங்கே ஒரு சுண்ணாம்புக் கல் குகை. அதைச் சுற்றிக் காடு, மேடும் பள்ளமுமாகப் பாறைகள். ஊர்க்காரர் ஒருவர் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவார். லேசான நடைதான், குழந்தைகளும் நடக்கலாம்.

"பொண்ணு பாக்குறத அங்க வச்சுக்குவோம். ரெண்டு குடும்பமும் ஊர் பாக்க வந்த மாதிரி. சரிப்பட்டு வரலன்னா லயத்துல ஒரு காக்காய்க்கும் தெரியாது" என்றார் அப்பா.

"அது சரிங்க. குகைதான் கெடச்சுச்சா?" என்றாள் அம்மா.

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குகைக்குள்ள எல்லாரும் குனிஞ்சுதானே போகணும்? வெளியில ஒரே மேடு பள்ளம். யாரு உசரம், யாரு கட்டைன்னு எவனுக்குத் தெரியப்போகுது? இவளப் பள்ளத்துல நிறுத்திட்டாப் போதும்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அப்பா நினைத்தால் நினைத்ததுதான். அந்த வாரம் முழுக்க சாயங்காலமானால் வீட்டுக்குப் பின்னால் அக்காவுக்குப் பயிற்சி. "முட்டிய லேசா மடக்கு. சேலைக்குள்ள யாருக்குத் தெரியும்? ஆங், அப்படியே நட." அக்கா நடப்பாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. முதலில் அவளும் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. பெரியம்மாவிடம் பொண்ணு உசரத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று அப்பா ஆள் விட்டுச் சொன்னார். வாய் நீளம் என்பதால் அவளை அன்றைக்கு வரவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

குகைக்குப் போன நாளில் அம்மா விடியுமுன் எழுந்து சோறு கட்டினாள். வாழையிலையை அடுப்பில் வாட்டி, சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் குழம்பு, அவித்த முட்டை, தேங்காய்ச் சம்பல். முடிவாகாத சம்பந்தத்துக்குக் கோழி அடிப்பது சரியில்லை என்று முட்டையோடு நிறுத்திக்கொண்டாள். ஆனால் எங்களுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே பார்சல் கட்டினாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, "சும்மா இரு" என்றாள். பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள். சண்டைக் காலம், வழியில் சோதனை இருக்கும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, சோற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வாட்டின இலையின் வாசனை வழி முழுக்க என்னோடு வந்தது.

பஸ் இறங்கின சந்தியில் அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து நின்றார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமா. மாப்பிள்ளை கட்டையான மனிதர். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, பேச்சு குறைவு. தாய்மாமா தொப்பையும் சிரிப்புமாக இருந்தார். அந்த அம்மாதான் அவர்களில் பெரிய ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது. குட்டையான உருவம், கையில் மடக்கின குடை, எதையும் தவறவிடாத கண். மாப்பிள்ளையைப் பார்த்ததும் அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. உடனே அக்காவை ரோட்டோரத் தண்ணிக் கானுக்குப் பக்கமாக இறக்கி நிறுத்தினார்.

வழிகாட்டி ஒரு சிங்களவர். சாரத்தை முட்டி வரை மடித்துக் கட்டிக்கொண்டு, சிங்களமும் தமிழும் கலந்து பேசிக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் மாத்தயா என்று கூப்பிட்டோம். வயல் வரப்பைத் தாண்டியதும் மரங்களுக்கு நடுவே பாறைகள் தொடங்கின. நான் அதுவரை பார்த்த பாறையெல்லாம் கறுப்பாய், உருண்டையாய், சும்மா கிடப்பவை. இவை அப்படி இல்லை. மழை ஓடி ஓடி வாய்க்கால் வாய்க்காலாக அரித்திருந்தது. சில இடத்தில் கை நுழையும் ஓட்டை. சில இடத்தில் கொசுவம் வைத்த சேலை மாதிரி மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. ஆலமர வேர்கள் அதன்மேல் இறங்கியிருந்தன. ஒரு சிற்றோடையில் விழுந்து கிடந்த இலையை எடுத்து மாத்தயா என் கையில் வைத்தார். இலை முழுக்க வெள்ளையாய்க் கல் பூத்திருந்தது. நரம்புகூடத் தெரிந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வெகுநாள் வைத்திருந்தேன். எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ தெரியவில்லை.

"இந்தக் கல்லத்தான் அரைச்சு எங்க தேயிலைக்குப் போடுறாங்க" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே, "புள்ள, இங்கிட்டு வா. இங்க நின்னாத்தான் நல்லாத் தெரியும்" என்று அக்காவைக் கைப்பிடித்து ஒரு குழியில் இறக்கினார். நின்ற இடத்திலெல்லாம் இதே கதை. நாங்கள் பாறைமேல் நின்றால் அக்கா கீழே. நாங்கள் கரையில் நின்றால் அக்கா ஓடைக்குள், சேலைக் கரை நனைய. சமதரை வந்தால் அப்பா இருமுவார். அக்கா முட்டியை மடக்கிக்கொள்வாள். அப்படி மடக்கி மடக்கி அவள் நடை எப்படியோ ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வளைவில் தாய்மாமாவின் காதில், "காலப் பாத்தியா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அக்காவின் புதுக் கொலுசைத்தான் சொல்கிறார் என்று நினைத்து எனக்கு ஒரே சந்தோஷம்.

குகை வாசலுக்குச் சற்று முன்னால் ஓர் ஓடைக்கரையில் உட்கார்ந்தோம். அவர்கள் பணிஸ் ரொட்டியும் வாழைப்பழமும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார்கள். தாய்மாமா பையைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவத் திரும்பினார். ஒரு பெரிய குரங்கு இறங்கி வந்து, ரொம்ப அவசரப்படாமல் பையை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது.

"இப்பவே சாப்பிடுங்க. உள்ள போய் வந்தா வவ்வால் நாத்தத்துல சோறு எறங்காது" என்றார் மாத்தயா.

அம்மா பார்சல்களை எடுத்து இலை விரித்தாள். சம்பல் வாசனை எழுந்தது. யாரும் கை வைக்கவில்லை. உங்களுக்குத் தெரியாததா? சம்பந்தம் முடிவாகும் வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தேத்தண்ணி என்றால் பரவாயில்லை. சோறு தின்றால் சம்மதம் என்று அர்த்தம். குகை வாசல் என்றாலும் அது எங்கள் வீட்டுச் சோறுதானே.

"சாப்பிடுங்கண்ணே" என்றாள் அம்மா, தாய்மாமாவைப் பார்த்து.

"பசியில்ல தங்கச்சி" என்றார் அவர். அந்த நேரம் பார்த்து அவர் வயிறு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தியது. "வாயு" என்றார்.

மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா குடைக் கம்பியைப் பார்த்தார். விருந்தாளி சாப்பிடாமல் நாங்கள் எப்படிச் சாப்பிடுவது? சோறு நடுவில் ஆறிக்கொண்டிருக்க, ஏழு பெரியவர்களும்—மாத்தயாவைத் தவிர—ஓடையை ரசிப்பது போல உட்கார்ந்திருந்தோம். என்னையும் பெரியவர்களில் சேர்த்துச் சொல்கிறேன். எனக்கும் சோறு கிடைக்கவில்லையே. மாத்தயாவுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. ஒரு பார்சலைப் பிரித்து ரசித்துச் சாப்பிட்டார். "சம்பல் நல்லாருக்கு, நீங்களும் சாப்பிடுங்க" என்று ஒவ்வொருவரையும் உபசரித்தார். தாய்மாமா எச்சில் விழுங்கினார்.

அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தார். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார்கள். அக்கா இலைகளைத் திரும்ப மடித்தாள். எனக்குப் பசி போய் அழுகை வந்தது.

குகைக்குள் குனிந்துதான் போனோம். அப்பா சொன்னது உண்மை. காலடியில் தண்ணீர் சில்லென்று ஓடியது. வவ்வால் எச்சத்தின் புளித்த நாற்றம் மூக்கில் ஏறியது. மேலே எங்கேயோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம். கொஞ்ச தூரத்தில் இடம் பெரிதாகி, கூரை உயர்ந்தது. மாத்தயா ஒரு குப்பி லாம்பைக் கொளுத்தினார்.

"மேல கல்லு மின்னும். ஆனா லாம்பு கிட்டப் போனாத்தான் தெரியும். நான் கம்புல கட்டித் தூக்குறது. கம்பு முறிஞ்சு போச்சு" என்றார். பிறகு எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நங்கி, தங்கச்சி, நீங்கதானே உசரம். இங்க வாங்க, இதப் புடிங்க" என்று லாம்பை அக்காவிடம் நீட்டினார்.

காலையிலிருந்து நாங்கள் பாடுபட்டு மறைத்ததை அந்த மனிதர் எப்போதோ பார்த்து வைத்திருந்தார்! அப்பா இருமினார். இன்னொரு தரம் இருமினார். அக்கா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். லாம்பு வெளிச்சத்தில் அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அலுத்துப்போன முகம். லாம்பை வாங்கிக்கொண்டு, கூரைக்கு நேர் கீழே போய், முட்டியை நீட்டி, முதுகை நீட்டி, கையை உயர்த்தினாள்.

கூரை முழுக்க மின்னியது. உப்புக் கல்லைக் கொட்டி ஒட்டவைத்த மாதிரி அவ்வளவும் வெள்ளைப் பொடி மினுக்கம். அவள் கையை நகர்த்த நகர்த்த வெளிச்சமும் நகர்ந்தது. தாய்மாமா "அடேயப்பா" என்றார். நான் வாயைப் பிளந்து மேலே பார்த்தேன். திரும்பினால், மாப்பிள்ளையின் அம்மா மேலே பார்க்கவே இல்லை. அக்காவைக் கால் முதல் தலை வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அந்த அம்மா குடையை ஊன்றி நின்றார். "புள்ள, இங்க வா. ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. ஒன் காலுல ஏதும் வருத்தமா? காலையில இருந்து முட்டி மடிஞ்சு மடிஞ்சு நடக்குற. பள்ளமாப் பாத்துப் பாத்து நிக்குற. உள்ள மட்டும் நல்லா நிக்குறியே?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா முந்திக்கொண்டாள்.

"காலுக்கு ஒண்ணுமில்லைங்க. நான் வளத்தி. அதனால மூணு பேரு வேணாம்னுட்டுப் போயிட்டாங்க. அப்பாதான் குனிஞ்சு நிக்கச் சொன்னாரு. என்னால இனிமே முடியாதுங்க. முதுகு வலிக்குது. நீங்களும் வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அட பாவி மனுசா!" என்றார் அப்பாவைப் பார்த்து. "பொண்ணு வளத்தின்னு சம்பந்தம் பேசின ஒங்க மதினி மொதல் நாளே சொல்லிட்டாளே. தெரிஞ்சுதானே வந்தோம். நான் முட்டி வியாதின்னு நெனச்சு, எப்படி வாய்விட்டுக் கேக்குறதுன்னு காலையில இருந்து தவிச்சுப் போனேன். சோத்த வச்சுக்கிட்டுப் பட்டினி கெடந்தோமே!"

தாய்மாமா சிரிக்கத் தொடங்கினார். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மா கை கழுவ ஓடைப் பக்கம் திரும்பினார். அக்கா சிரிக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க. நீங்க கை நனைக்க முந்தி நானும் ஒண்ணு கேக்கணும்" என்றாள். நேராக மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் தலை அவள் காதுக்குத்தான் வந்தது. "ரெண்டு பேரும் சேந்து நடந்தா ரோட்டுல சிரிப்பாங்க. அப்ப நீங்களும் என்னைய குனியச் சொல்லுவீங்களா?"

பெண் இப்படிக் கேட்டு நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தார். அவசரப்பட்டுப் பதில் சொல்லாததே எனக்குப் பிடித்துப்போனது.

"நீங்க ஏன் குனியணும்? அண்ணாந்து பாக்க எனக்குக் கழுத்து இருக்குங்க" என்றார்.

அக்கா சோற்றுப் பையை எடுத்து, முதல் பார்சலை அவருக்குத்தான் பிரித்தாள். அவர் தன் அம்மாவுக்குக்கூடக் காத்திருக்காமல் ஓடையில் கை நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஆறிப்போன சோறு. அப்படி ருசியாய் நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை. தாய்மாமா இரண்டு பார்சல் சாப்பிட்டார்.

அப்பா மட்டும் பிசைந்துகொண்டே இருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அம்மாவிடம் சொன்னார்: "வந்தவனெல்லாம் அவளக் கொறையாப் பாத்தான்னு கோபப்பட்டேன். நானும் அப்படித்தான் பாத்திருக்கேன், புள்ள."

அம்மா காலிப் பையை மடித்துக்கொண்டே, "தெரிஞ்சுக்கிட்டீங்கள்ல, விடுங்க" என்றாள்.

நம் பெற்றோரை நாம் எவ்வளவோ குறை சொல்கிறோம். அன்றைக்கு அப்பா செய்தது முட்டாள்தனம்தான். ஆனால் மகளைப் பற்றி இருந்த பயத்தால் செய்தது. இப்போது நம் பிள்ளைகளுக்கு நாம் செய்வதெல்லாம் மட்டும் என்ன புத்திசாலித்தனமா?

அக்காவை எஹலியகொடைக்கு அனுப்பிய அடுத்த வருஷம் நான் வளர ஆரம்பித்தேன். பள்ளிக்கூடச் சட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டாமல் போகும். எனக்குள்ளே பயம். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கஹவத்தை டவுனுக்குக் கூட்டிப்போய்ப் புதுத் துணி எடுத்துத் தருவார். ஒருநாள் துணிக்கடைக்கார நானா மீட்டர் கோலை என் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன இது, பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு வளத்தி?" என்றார். நான் கூனிக்கொண்டு நின்றேன். அப்பா என் முதுகில் கைவைத்து நேராக்கிவிட்டு, கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இதெல்லாம் என்னங்க வளத்தி? மூத்தவள நீங்க பாக்கணும்!"